மூட்டை தூக்கிய கை

பேஸ்ட்ரி பிரிவுக்கு வேலை கற்க வரும் பிள்ளைகள் பலரும் ஓவியம் தீட்டப் போகிறோம் என்ற நினைப்பில்தான் வருகிறார்கள். பாதி சரி. ஆனால் கேக்கின் மேல் ரோஜா பூப்பதற்கு முன்னால் கிடங்கிலிருந்து மைதா வந்தாக வேண்டும். மூட்டை 50 கிலோ. அதை இறக்கி வைத்த கையே கொஞ்ச நேரத்தில் காகிதக் கூம்பைப் பிடித்து, உருக்கிய சாக்லேட்டால் யாரோ ஒரு குழந்தையின் பெயரை எழுத வேண்டும். எழுத்து நடுங்கக் கூடாது. பாரத்தையும் நுணுக்கத்தையும் ஒரே கையிடம் கேட்பதுதான் இந்த வேலையின் உண்மையான கஷ்டம்.

குரோசான் செய்வதைப் பாருங்கள். மாவுக்குள் வெண்ணெயை வைத்து மூன்றாக மடித்துத் தேய்க்க வேண்டும். மூன்று முறை மடித்தால் வெண்ணெய் 27 அடுக்காகும். வெண்ணெய் இளகினால் அடுக்கே இருக்காது என்பதால் அறையைக் குளிர வைத்திருப்போம். மாவும் விறைத்து நிற்கும். ஷீட்டர் மெஷின் இல்லாத இடத்தில் உருட்டுக்கட்டைதான் கதி. கையால் மட்டும் அழுத்தினால் மாவு வழிக்கு வராது. காலை ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் கட்டையின் மேல் சாய்க்க வேண்டும். சாயங்காலம் தோளைவிட இடுப்பும் குதிகாலும்தான் அதிகம் வலிக்கும். அந்தக் குளிரிலிருந்து நேரே 200 டிகிரி ஓவனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். முன்கையில் ட்ரே சுட்ட தழும்பு இல்லாத பேஸ்ட்ரிக்காரரை நான் பார்த்ததில்லை. கேரமல் இன்னும் பொல்லாதது. கொதிநீர் பட்டால் வழிந்தாவது போகும். 170 டிகிரிப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டே சுடும்.

டிசம்பர் வந்தால் நாள் முழுக்க பைப்பிங் பைதான். “செஃப், ராத்திரி கை மரத்துப்போய் முழிப்பு வருது” என்பார்கள் பையன்கள். மணிக்கட்டில் நரம்பு நெரிபடும்போது அப்படித்தான் ஆகும். “போகப் போகப் பழகிடும்” என்று சொல்லும் சீனியர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அது பழகாது, முற்றும்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி தொழில் நோய்களைப் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலில் ரொட்டி சுடுகிறவர்களையும் விடவில்லை. மாவுத் தூசியால் வரும் இருமல், மூச்சிரைப்பு, பிசைந்து பிசைந்து தடித்துப்போன கைகள் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறார். இன்றைக்கும் ‘பேக்கர்ஸ் ஆஸ்துமா’ என்று மருத்துவர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் மிக்ஸருக்குள் மாவை உயரத்திலிருந்து கொட்டுகிறோம்; மேகமாகக் கிளம்புவதை வெறும் மூக்கோடு சுவாசிக்கிறோம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இதை விதி என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. மாவைத் தாழ்வாகப் பிடித்து மெல்லச் சரிக்கலாம். முகக்கவசம் போடலாம். மூட்டைக்கு இரண்டு பேர் சேர்ந்து கைகொடுக்கலாம். பூ போடுகிற பையனை நடுவில் கொஞ்ச நேரம் வேறு வேலைக்கு மாற்றலாம். முதலாளிக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

என்னிடம் புதிதாக வருகிறவர்களுக்கு, பூ போடுவதற்கு முன்னால், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி மூட்டை தூக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சிலருக்கு முகம் சுண்டிப் போகிறது. பரவாயில்லை, பைப்பிங் பை அடுத்த வாரம்தான்.