மாட்டுங்கா: அன்றும் இனியும்

மும்பை மாநகரில் தாதருக்கு வடக்கே அடுத்த புகைவண்டி நிலையம் மாட்டுங்கா. சிறிய நிலையம், விரைவு வண்டிகள் அங்கு நிற்பதில்லை. 2017-ஆம் ஆண்டில், நிலைய அதிகாரி முதல் பயணச்சீட்டு வழங்குவோர் வரை அனைவரும் பெண்களாகவே அமர்த்தப்பட்டமையால் அந்நிலையம் நாடெங்கும் புகழ் பெற்றது. அதன் மேற்கே இரயில்வேப் பணிமனை. அப்பணிமனையில் என் தந்தையார் உழைத்தார். பணியில் இருக்கும்போதே மறைந்தார். பத்தாம் வகுப்பு மட்டும் தேறியிருந்த நான் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, இன்று எழுத்தனாக இருக்கிறேன். பணிமனையின் சங்கொலி கேட்டு வளர்ந்தவன் என்ற உரிமையோடு, வெளியூர்களில் வாழும் நம் அன்பர்களுக்கு எங்கள் பேட்டையைப் பற்றிச் சில சொற்கள் எழுத முற்படுகிறேன்.

நிலையத்தை விட்டுக் கிழக்கே நடந்தால் முதலில் நம்மை வரவேற்பது பூவின் மணம். மதுரை வீதிகளில் காண்பது போலவே மல்லிகையும் கதம்பமும் தொடுத்து வைத்திருப்பார்கள். வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், அப்பளம், கொட்டை வறுத்து அரைக்கும் காப்பித்தூள் ஆகிய யாவும் நூறு அடிக்குள் கிடைக்கும். 1923-இல் தோன்றிய ஆஸ்திக சமாஜமும், 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் இங்கு வேரூன்றியவை. சண்முகானந்த சபையின் பெரிய அரங்கம் 1963-இல் திறக்கப்பெற்று, 1990-இல் தீக்கு இரையாகி, 1998-இல் மீண்டும் எழுந்து நிற்பதும் அருகில்தான். தெற்கே சென்றால் ஐந்து பூங்காக்கள். கிழக்கே சென்றால் வட்டமான மகேசுவரி பூங்கா. அதனை இன்றும் கிங்ஸ் சர்க்கிள் என்றே எல்லோரும் வழங்குவர். இருபுறமும் மரங்கள் குடை பிடிக்கும் வீதிகள். அவ்வீதிகளின் ஓரமாக மூன்று நிலைகளுக்கு மேற்படாத பழைய கட்டடங்கள். பெருநகரின் நடுவே இத்தகைய அமைதி எங்ஙனம் வாய்த்தது என்று புதிதாக வருபவர் வியப்பர்.

அது தானாக வாய்த்ததன்று. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளில் மக்கள் மாண்டனர். அதன் விளைவாக 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்ற அமைப்பு ஏற்பட்டது. வயலும் தோப்புமாக இருந்த தாதர், மாட்டுங்காப் பகுதிகளை அது கையகப்படுத்தி, வீதி வகுத்து, மனை பிரித்து, விதி விதித்துக் குத்தகைக்கு விட்டது. மனை முழுவதையும் அடைத்துக் கட்டலாகாது. காற்றுக்கு இடம் விட வேண்டும். உயரத்திற்கு வரம்பு உண்டு. இந்த விதிகளின் நிழலில்தான் நம் முன்னோர் வந்து குடியேறினர். சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்கள் வந்தார்கள். என் பாட்டனார் 1946-இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, ஓர் அறையில் ஐவருள் ஒருவராகத் தங்கி, சாப்பாட்டு விடுதியில் உண்டு, எட்டு ஆண்டுகள் கழித்தே இரண்டு அறை கொண்ட வீட்டைப் பெற்றார்.

நிற்க. அந்த வீட்டைப் பெற்ற முறையையும் கூற வேண்டும். ‘பக்டி’ என்று ஒரு வழக்கம் மும்பையில் உண்டு. முதலில் ஒரு பெருந்தொகையைக் கட்டட உடையவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னர் சிறு வாடகை செலுத்திவருவது அது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைகளை 1940 செப்டம்பர் மாதத்து அளவிலேயே கட்டிப்போட்டது. குடியிருப்பவர்க்கு அது பெரும் பாதுகாப்பு. ஆனால் கையில் வரும் வாடகை சுண்ணாம்பு அடிக்கவும் போதாது என்று உடையவர் மராமத்தைக் கைவிட்டார். மழைக்கு மழை கட்டடங்கள் இடிந்து உயிர்ச்சேதம் நேரவே, 1969-இல் மராமத்துக்கென ஒரு வாரியம் அமைத்து, பழைய கட்டடங்களின் மீது ‘செஸ்’ என்ற தனி வரியும் விதித்தனர். அன்று அந்த வரிக்கு உட்பட்டவை 19,642 கட்டடங்கள். அவ்வாரியம் பின்னர் ம்ஹாடா என்னும் வீட்டுவசதி அமைப்போடு இணைந்தது. 1936-இல் எழுந்த எங்கள் கட்டடமும் அந்தப் பட்டியலில் ஒன்று.

இப்போது அக்கட்டடங்களுக்கு வந்திருப்பது மராமத்து அன்று, புனர்நிர்மாணம். இதன் கணக்கை விளங்கிக்கொள்ள ‘எப்.எஸ்.ஐ.’ என்ற ஒரு சொல் போதும். மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதே அது. எங்கள் மனை ஏறத்தாழ 6,000 சதுர அடி. அதில் மூன்றில் ஒரு பங்கில் மூன்று நிலைகள் எழுந்துள்ளன. ஆக, தளங்களின் மொத்தப் பரப்பும் 6,000 சதுர அடி, விகிதம் 1. செஸ் கட்டடத்தை இடித்துக் கட்டினால் விகிதம் 3 வரை செல்லலாம் என்பது விதி. 18,000 சதுர அடி. பழைய குடித்தனக்காரர்களுக்கு விலையின்றி வீடு கொடுத்தது போக, எஞ்சியதைக் கட்டுபவர் விற்றுக்கொள்வார். பன்னிரண்டு குடும்பங்கள் இருந்த இடத்தில் இருபத்தைந்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருக்கும். வாகனம் நிறுத்தும் நிலைகளும் சேர்ந்து பதினைந்து மாடிகள் எழும்.

இத்தகைய மாறுதலைப் பற்றி நகரமே ஒருமுறை கலங்கியது. 2034-ஆம் ஆண்டு வரைக்குமான நகர வளர்ச்சித் திட்டத்தின் வரைவு 2015 பிப்ரவரியில் வெளியாயிற்று. புகைவண்டி நிலையங்களுக்கு அருகில் சில இடங்களில் விகிதம் 8 வரை செல்லலாம் என்று அதில் கண்டிருந்தது. பிழைகள் மலிந்திருந்த அவ்வரைவுக்கு எதிர்ப்புகள் குவிந்தன. அரசு அதனை ஏப்ரல் மாதமே திரும்பப் பெற்றது. திருத்திய திட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. நிலையத்தருகே அதிக மக்கள் வாழ்வது நன்று என்ற கருத்தை இரயில்வேயில் பணிபுரியும் நான் எளிதில் மறுக்க மாட்டேன். டோம்பிவிலியிலிருந்து கதவோரம் தொங்கிக்கொண்டு வரும் என் உடன் ஊழியர்களை நாள்தோறும் காண்கிறேன். அவர்களுட் பலர் இதே மாட்டுங்காவில் பிறந்தவர்கள்; இங்கு வீடு கிடைக்காமல் வெளியேறியவர்கள்.

எனினும், தன் வீட்டு வாசலுக்கு வரும்போது எந்தக் கொள்கையும் வேறு முகம் காட்டுகிறது. சென்ற ஆண்டு எங்கள் கட்டட உடையவர் ஒரு கட்டுமான நிறுவனத்தாரை அழைத்துவந்தார். குடித்தனக்காரருள் நூற்றுக்கு 51 பேர் இசைந்தால் பணி தொடங்கலாம். முன்னாளில் அது 70 ஆக இருந்தது. பன்னிரண்டு வீடுகளில் ஏழு கையெழுத்து வேண்டும். ஆறு விழுந்துவிட்டன. ஏழாவதற்காக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வீடு என் அன்னையாரின் பெயரில் இருக்கிறது; அவர் பேனாவைத் தொடவில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு கச்சிக் குடும்பம் வாழ்கிறது. இரண்டு அறைகளில் எண்மர். மணமான மகன்கள் இருவர். சென்ற மழைக்காலத்தில் அவர்கள் சமையலறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து அடுப்பின்மேல் விழுந்தது. துருப்பிடித்த கம்பிகள் எலும்பு போல் தெரிகின்றன. “குழந்தை அங்கே நின்றிருந்தால்?” என்று அந்த வீட்டு அம்மையார் கேட்டபோது என்னால் விடை கூற இயலவில்லை. இரண்டாம் மாடியில் தனியாக வாழும் பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. அவர் என்னைப் பார்த்து, “தம்பி, மூன்று வருஷத்தில் முடித்துத் தருவோம் என்கிறார்கள். எனக்கு அந்த மூன்று வருஷம் இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவே இல்லையே!” என்றார். அதற்கும் என்னிடம் விடை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்விரு முகங்களையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, புனர்நிர்மாணம் நடந்த இடங்களைப் பார்த்துவரப் புறப்பட்டேன். முதலில் கண்டது புதிதாக எழுந்த ஓர் உயர்ந்த கட்டடம். பழைய குடித்தனக்காரர் ஒருவர் என்னை ஒன்பதாம் மாடிக்கு அழைத்துச் சென்று பெருமையோடு காட்டினார். சன்னல் வழியே பணிமனைக் கூரைகளும் அப்பால் மாஹிம் கடலும் தெரிந்தன. மின்தூக்கி இருப்பதால், முழங்கால் வலியுள்ள அவர் மனைவி பல ஆண்டுகளுக்குப் பின் தினமும் கோயிலுக்குப் போகிறாராம். ஆனால் மாதப் பராமரிப்புத் தொகை பழைய வாடகையைப் போல் பன்மடங்கு. ஓய்வூதியத்தில் ஒரு பகுதி அதற்கே போகிறது என்றார்.

இரண்டாவதாகக் கண்டது ஒரு வெற்று மனை. தகரத் தடுப்பு, உள்ளே ஆளுயரம் வளர்ந்த புதர். இடித்து ஆறு ஆண்டுகள் ஆயின. வெளியில் தங்குவதற்கான வாடகையை இரண்டு ஆண்டு கொடுத்தவர்கள் பிறகு கொடுக்கவில்லையாம். அங்கு வாழ்ந்த பதினான்கு குடும்பங்களில் சில முலுண்டிலும், சில கல்யாண் பக்கத்திலும், ஒன்று பாலக்காட்டுக்கும் போய்விட்டன. தடுப்பின் ஓரம் பூக்கட்டும் பெண்மணி, “நவராத்திரிக்கு மட்டும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்” என்றார்.

மூன்றாவதாக நான் பார்த்தது கட்டடம் அன்று, தரை. கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் தாழ்வான இடங்கள். கனமழை பெய்தால் இடுப்பளவு நீர் நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான கதையை என் தந்தையார் பலமுறை கூறக் கேட்டிருக்கிறேன். பழைய கட்டடங்களைச் சுற்றி மண் இருக்கிறது. மரத்தின் வேர் நீரைக் குடிக்கிறது. புதிய கட்டடங்கள் சிலவற்றில் சுவரிலிருந்து சுவர் வரை வாகனங்களுக்காகச் சிமெண்டுத் தரை. வீடு இரு மடங்கானால் சாக்கடைக் குழாயும் இரு மடங்காக வேண்டாவா? வீதி அகலுமா? டிரஸ்ட் காலத்து வீதி வீதியாகவே இருக்கிறது.

வீடு திரும்பி, இரவு உணவின்போது அன்னையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது, “எப்படியும் இந்தக் கூட்டம் வந்தால் மாட்டுங்கா மாட்டுங்காவாக இராது, அம்மா” என்று என் கருத்தையும் சேர்த்தேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு,

“கூட்டத்தைக் குறை சொல்லாதே. நான் மணமாகி வந்தபோது இந்த இரண்டு அறையில் ஒன்பது பேர். வேலை தேடி ஊரிலிருந்து வந்தவர்கள் வராந்தாவில் படுத்திருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் நான் தண்ணீர் பிடிக்கப் போவேன். உன் தாத்தா வந்தபோது இங்கே இருந்தவர்களும், மதராசிக் கூட்டம் வந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். வருகிறவர்கள் வரட்டும். நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். போகிறவர்கள் திரும்பி வருவார்களா? அதை எழுதிக் கொடுக்கச் சொல்” என்றார்.

நான் தலைகுனிந்தேன். இத்தனை நாள் வரப்போகிறவர்களையே எண்ணிக் கவலைப்பட்டேன். போகவிருப்பவர்களைப் பற்றிப் போதிய அளவு எண்ணவில்லை.

அடுத்த வாரம் பன்னிரண்டு வீட்டாரும் மொட்டை மாடியில் கூடினோம். கையெழுத்திட்ட அறுவரும் எங்களோடு சேர்ந்தே நின்றார்கள் என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். நான்கு கோரிக்கைகளை மராத்தியிலும் குஜராத்தியிலும் தமிழிலும் வாசித்து ஏற்றோம். ஒவ்வொரு வீட்டின் அளவும் மாடியும் குறித்த ஒப்பந்தம், வீட்டைக் காலி செய்யும் முன்னரே பதிவாக வேண்டும். வெளியில் தங்கும் காலத்து வாடகைக்கு முழுத் தொகையை வங்கியில் முன்கூட்டியே ஈடாக வைக்க வேண்டும். பாட்டி போன்ற முதியோர்க்கு மாட்டுங்காவிலேயே மாற்று வீடு பார்த்துத் தர வேண்டும். மனையின் ஒரு பகுதியை மண்ணாகவே விட்டு, வாயிலில் நிற்கும் வேப்பமரத்தைக் காக்க வேண்டும்.

முதல் கோரிக்கையையும் மூன்றாவதையும் நிறுவனத்தார் ஏற்றுவிட்டனர். மரத்தைப் பற்றி, வரைபடத்தை மாற்றிப் பார்ப்பதாகக் கூறியுள்ளனர். வங்கி ஈட்டுத் தொகைக்கு இன்னும் இசையவில்லை. அது வரும் வரையில் ஏழாவது கையெழுத்து இல்லை என்று என் அன்னையார் அமைதியாகச் சொல்லிவிட்டார். கீழ்த்தளத்துக் குழந்தைக்காக, அவர்கள் சமையலறைக் கூரைக்கு முட்டுக்கட்டை கொடுக்கும் செலவைப் பன்னிரண்டு வீடும் பகிர்ந்துகொண்டோம். அந்தப் பணி சென்ற புதன்கிழமை முடிந்தது. வழக்கு மன்றத்தில் காலம் கழிக்க எங்களுக்கு விருப்பமில்லை. விழும் கூரையின்கீழ் காத்திருக்கவும் இயலாது.

தில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் பழைய வீடுகளில் வாழும் நம்மவர்க்கும் இத்தகைய தாள்கள் வரும். வந்தால் உடனே கையெழுத்திடவும் வேண்டா. உடனே கிழித்தெறியவும் வேண்டா. மொழி விளங்காவிடில் விளங்கியவரைக் கொண்டு ஒவ்வொரு வரியையும் படித்துக் கேளுங்கள். தனியாகச் செல்லாமல் அண்டை வீட்டாரோடு சேர்ந்து செல்லுங்கள். திரும்பி வரும் நாளும், அதுவரை தங்கும் செலவும் எழுத்தில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள்.

இதை எழுதி முடிக்கும் இவ்வேளையில் பணிமனை வண்டித்தொடர் ஒன்று மெல்ல நகரும் ஓசை கேட்கிறது. மாடியில் பாட்டி வானொலி வைத்திருக்கிறார். அலமாரியில் அந்தத் தாள் மடித்தபடியே இருக்கிறது. அடுத்த முறை மாட்டுங்காவுக்கு வரும் அன்பர்கள் பூக்கடைத் தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். மூன்றாவது நிலையிலோ பதினோராவது மாடியிலோ, எங்கிருந்தாலும், காப்பி கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.