நாகை வாசலுக்கு வடக்கே

குன்றின் உச்சியில் ஏறி நின்றபோது நம் கண்ணில் முதலில் பட்டது கடலுமல்ல, மலையுமல்ல, நாகப்பட்டினம்! நமக்கு வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று வாசகர்கள் சந்தேகிக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் அவ்வளவு வெயில் கிடையாது.

இன்வர்னெஸ் நகரிலிருந்து வடக்கே சுமார் இருபது மைல் சென்றால் ஃபைரிஷ் என்னும் குன்று இருக்கிறது. உயரம் 1,486 அடி. பைன் மரக் காட்டினூடே மூச்சு வாங்க ஏறினால், மொட்டையான உச்சியில் கல் வளைவுகள் சில வரிசையாக வானத்தை நோக்கி நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. வாசல் மட்டுமே. சர் ஹெக்டர் மன்றோ என்பவர் 1781-இல் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். அந்தக் கோட்டை வாசலின் ஞாபகமாக மறு வருஷம் தம் சொந்த ஊர்க் குன்றின் மேல் இதை எழுப்பினார். சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் வீற்றிருக்கும் தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு. 1780-இல் புள்ளலூரில் பெய்லியின் படை மைசூர்ப் படையிடம் அழிந்தபோது, பக்கத்துக் காஞ்சீபுரத்தில் இருந்தும் உரிய காலத்தில் உதவாமல், கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய தளபதி இவர்தாம். அந்தக் குளத்துக்கு இங்கே ஞாபகச் சின்னம் ஒன்றும் காணோம்.

பஞ்சத்தில் வாடிய குடிகளுக்கு வேலை கொடுப்பதற்காகவே மன்றோ இதைக் கட்டினார் என்றும், கூலி நாட்கள் கூடட்டும் என்று ஏற்றிய கற்களைக் கீழே உருட்டிவிட்டு மறுபடியும் ஏற்றச் செய்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் பத்தே வருஷம் கழித்து, இதே மன்றோவின் கில்டர்மோரி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஆட்டுப் பண்ணைக்காரர்கள், அயல் குடியானவர்களின் மாடுகளைப் பிடித்து அடைத்தார்கள். குடியானவர் திரண்டு மாடுகளை மீட்டனர். அத்துடன் நில்லாமல், அந்தப் பிரதேசத்து ஆடுகளையே ஆயிரக்கணக்கில் தெற்கு நோக்கி ஓட்டத் தொடங்கினர். பட்டாளம் வந்து அடக்கியது. அந்த 1792-ஆம் வருஷத்துக்கு கெயிலிக் பாஷையில் ‘ஆடுகளின் ஆண்டு’ என்றே பெயர் வழங்குகிறது.

இந்த வரலாறு தெரியாமல் மேற்கொண்டு வடக்கே போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ஏனெனில், சதர்லாந்துச் சீமையைப் பற்றி எந்த வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்தாலும் ‘ஏகாந்தம்’, ‘மனிதர் கை படாத இயற்கை’ என்ற சொற்களே எதிர்ப்படுகின்றன. ஏகாந்தம் உண்மையே. ஒரே வண்டி செல்லத்தக்க சாலையில், எதிர் வண்டிக்கு ஒதுங்குவதற்கென்று அமைத்த இடங்களில் நின்று நின்று போனோம். இரு புறமும் ஊதா நிறப் பூச்செடிகளும், நிலக்கரிக்குத் தம்பியான கருஞ்சேறு படிந்த நிலமும், கஷாயம் போன்ற நிறமுடைய ஓடைகளுமே. ஆனால் மனிதர் கை படாமல் இருந்ததா?

நேவர் ஏரியைக் கடந்து ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் ரோஸல் என்ற இடத்தில் இறங்கினோம். ஊர் இல்லை, ஊரின் எலும்புக்கூடு இருக்கிறது. புல் மூடிய சுவர்களின் அடிப்பாகங்கள், தானியம் உலர்த்திய சூளைகள், உழுத வரப்புகளின் தடம். சதர்லாந்துச் சீமாட்டியின் ஜமீனில் 1814 முதல் இத்தகைய ஊர்களிலிருந்து குடிகளை வெளியேற்றினார்கள். ஆட்டுப் பண்ணையில் குத்தகை அதிகம் வந்ததே காரணம். கூரை மரங்களுக்குத் தீ வைத்தனர். ஜமீன் காரியஸ்தர் பாட்ரிக் செல்லர் 1816-இல் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் கொலைக் குற்றம் உட்பட விசாரிக்கப்பட்டு விடுதலையானார்; காலி செய்த நிலத்தின் புதிய குத்தகைக்காரரும் அவரே! 1819-இல் ஓர் இரவு குன்றின் மேல் நின்று 250 வீடுகள் எரிவதை எண்ணியதாக ரோஸலில் பிறந்த டொனால்ட் மக்லியோட் என்ற கல்தச்சர் பிற்காலத்தில் எழுதினார். வெளியேறியவர்களில் பலர் கடலோரப் பாறைகளுக்குத் தள்ளப்பட்டனர். அவர்களைக் குடியேற்றிய ஊருக்குச் சீமாட்டி எலிஸபெத்தின் பெயரால் பெட்டிஹில் என்று நாமகரணம். அங்குள்ள பழைய மாதாகோவிலில் இக்கதைகளைச் சொல்லும் காட்சிசாலை இருக்கிறது. அவசியம் பார்க்க வேண்டும்.

குறிஞ்சியும் முல்லையும் வெயிலால் திரிந்து பாலையாகும் என்று வகுப்பில் பல முறை பாடம் சொல்லியிருக்கிறோம். கணக்குப் புத்தகத்தாலும் பாலையாகும் என்பதை இங்கேதான் கண்டோம்.

பெட்டிஹில்லிலிருந்து மேற்கே திரும்பினால் வட கடலோரம் நெடுகக் காட்சிகளே. டர்னெஸ் ஊரருகே ஸ்மூ குகையில், ஆறு ஒன்று கூரைத் துவாரத்தின் வழியே உள்ளே அருவியாக விழுகிறது. அங்கே கூட்டம் அதிகம்; நாம் நெடுநேரம் தங்கவில்லை. சாண்ட்வுட் விரிகுடாவுக்கோ வண்டி போகாது. நான்கு மைல் நடந்து போய், நான்கு மைல் நடந்து திரும்ப வேண்டும். அந்த நடைக்கு ஈடாக ஒன்றரை மைல் நீள வெண்மணல் கிடைக்கிறது. அதன் தென் கோடியில், கடலுக்குள் 200 அடிக்கு மேல் உயர்ந்த ஒரு பாறைத் தூண். ‘மேய்ப்பன்’ என்று பொருள்படும் கெயிலிக் பெயர் அதற்கு. இவ்வளவு அழகான மணலில் யாரும் கால் நனைக்கக்கூடக் காணோம். நனைத்துப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது!

இந்தச் சீமையில் எது வேண்டுமானாலும் விட்டுப்போகலாம்; சூல்வென் மலையை மட்டும் விடக்கூடாது. அஸிண்ட் பகுதியில் லாக்கின்வர் துறைமுகத்திலிருந்து பார்த்தால், சமநிலத்தில் யாரோ சிவலிங்கத்தை வைத்தாற்போல் தனித்து நிற்கிறது. உயரம் 2,398 அடிதான். நமது தொட்டபெட்டாவுக்கு முன் குழந்தை. ஆனால் அது நிற்கும் பீடப்பாறை சுமார் 300 கோடி ஆண்டுகள் பழமையானது. அதன்மேல் 100 கோடி ஆண்டுகளுக்கு முந்திய செம்மணற்பாறை படிந்து, பனியாறுகள் சுற்றிலும் அரித்துச் சென்ற பின் மிஞ்சியதே இம்மலை. போகவர 12 மைலுக்குக் குறையாது. காலையிலேயே புறப்பட வேண்டும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்குமாதலால் இருட்டுப் பயம் இல்லை. பயப்பட வேண்டியது ‘மிட்ஜ்’ என்னும் கடிகொசுவுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய இந்த ஜந்து, காற்று நின்றதும் படையெடுத்து வருகிறது. தலைக்கு வலையில்லாமல் நாம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

மலையின் நடுக் கணவாய் வரை ஏறினோம். சிகரத்தை எட்டவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. முழங்கால் ஒத்துழையாமை செய்துவிட்டது. அங்கிருந்து பார்க்கையில், உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் போல் எண்ணற்ற ஏரிகள், அப்பால் கடல்.

இறங்கி வந்து, துறைமுகத்தில் ஒரு முதிய குடியானவருடன் பேசிக்கொண்டிருந்தோம். வடக்கே கையைக் காட்டி, “அதெல்லாம் எங்களுடையது” என்றார். வெறும் பேச்சல்ல. 1989-இல் அந்நிலத்தை வாங்கிய ஓர் அந்நியக் கம்பெனி திவாலாகி, நிலம் துண்டு துண்டாக ஏலத்துக்கு வரவிருந்தபோது, குத்தகைக் குடிகளே ஒன்றுகூடி, ஊர் ஊராகப் பணம் திரட்டி, 1993-இல் 3 லட்சம் பவுன் கொடுத்து 21,000 ஏக்கரை வாங்கிவிட்டார்கள். 2003-இல் வந்த சட்டம் இத்தகைய கிராமங்களுக்கு நிலத்தை வாங்கும் உரிமை தந்தது. யார் நிலமாயினும் கேடு செய்யாமல் நடந்து செல்லும் உரிமையையும் எல்லோருக்கும் தந்தது. 2005-இல் சூல்வென் உட்பட மேலும் 44,000 ஏக்கர் ஊராரின் சொத்தாயிற்று. நாம் அன்று காலை யாரிடமும் அநுமதி கேளாமல் ஏறியது ஜமீன்தார் மலை அல்ல, ஊர் மலை.

“தாங்கள் எந்த ஊர்?” என்று பெரியவர் கேட்டார். “நாகப்பட்டினத்துக்குப் பக்கம்” என்றோம்.

பெரியவர் முகம் மலர்ந்தது. “ஃபைரிஷ் வாசல்! அதே மாதிரி ஒன்று அங்கே இன்னும் இருக்கிறதா?”

நாகையில் அப்படியொரு வாசலை நாம் கண்டதில்லை என்று சொன்னோம்.

“அப்படியானால், உங்கள் வாசலைப் பார்க்க நீங்கள் எங்கள் நாட்டுக்கல்லவா வரவேண்டியிருக்கிறது!” என்று உரக்கச் சிரித்தார் பெரியவர். பிறகு சுருட்டிக்கொண்டிருந்த வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.