எழுந்து போனவர்களும் இருந்து பார்த்தவர்களும்



நம் மாணவர் பேரவை செமினார் ஹாலில் போட்டுக் காட்டிய ‘க்ளோஸ் யுவர் ஐஸ்’ படம் முடிந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. சண்டை மட்டும் இன்னும் முடியவில்லை. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும்போதும் அதே பேச்சு, பஸ் ஸ்டாப்பிலும் அதே பேச்சு! “அது படமாடா? தூக்க மாத்திரை!” என்கிறது ஒரு கட்சி. “அது காவியம்டா, உனக்கெல்லாம் புரியாது” என்கிறது மறு கட்சி. இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

அன்று வராதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. ஸ்பெயின் நாட்டு இயக்குநர் விக்தோர் எரிசேயின் படம், 2023-இல் வெளிவந்தது. ஓடும் நேரம் 169 நிமிடம். ஆரம்பத்தில் 1947-ஆம் வருஷம், பிரான்சில் ஒரு பெரிய வீடு. சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு கிழவர், ஷாங்காயில் இருக்கும் தன் மகளைக் கண்டுபிடித்து அழைத்து வரும்படி ஒருவனிடம் கேட்கிறார். சரி, துப்பறியும் கதை என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். அப்புறம்தான் தெரிகிறது, நாம் பார்த்தது படத்துக்குள் ஒரு படம்! அதில் நடித்த ஹூலியோ என்ற நடிகர் 1990-இல் படப்பிடிப்பு நடுவிலேயே காணாமல் போகிறார். படமும் பாதியில் நிற்கிறது. 2012-இல் ஒரு டிவி நிகழ்ச்சி அந்த மர்மத்தைக் கிளறுகிறது. படத்தை எடுத்த மிகேல், தன் பழைய நண்பரை மறுபடி நினைக்கத் தொடங்குகிறார்.

துரத்தல், துப்பாக்கி எதுவும் கிடையாது. மிகேல் உட்கார்ந்து பேசுகிறார். பழைய எடிட்டரிடம் பேசுகிறார், ஹூலியோவின் மகளிடம் பேசுகிறார், கடலோரம் போய் மீன் பிடிக்கிறார், கிடார் வாசித்துப் பாடுகிறார். நம்மில் முதல் கும்பல் எழுந்து போனது அங்கேதான். கடைசியில் ஹூலியோ கிடைத்துவிடுகிறார். கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில், பழைய நினைவு எல்லாம் போன மனிதராக! ஏன் போனார்? படம் சொல்லவே இல்லை. மூடிக் கிடந்த ஒரு தியேட்டரைத் திறந்து, பாதியில் நின்ற அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை அவருக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். பார்க்கிறார், கண்ணை மூடுகிறார். அவ்வளவுதான். ஞாபகம் வந்ததா, வரவில்லையா? நம் ஹாலில் விசில் ஒரு பக்கம், “காசு வாபஸ்!” என்ற சத்தம் ஒரு பக்கம். (ஓசிப் படத்துக்குக் காசு வாபஸ் கேட்ட நண்பர் வாழ்க!)

இந்தத் தகராறு நமக்கு மட்டும் வந்ததல்ல. 1960-இல் கான் திரைப்பட விழாவில் அன்டோனியோனியின் ‘லவ்வென்டூரா’ படத்தைத் திரையிட்டார்கள். ஒரு பெண் தீவில் காணாமல் போவாள். போகப் போகத் தேடுவதையே எல்லோரும் மறந்துவிடுவார்கள். கூட்டம் கூச்சல் போட்டது. அதே விழாவில் அந்தப் படத்துக்கு ஜூரி பரிசும் கிடைத்தது! மர்மக் கதை என்றால் அது ஒரு வாக்குறுதி. விடை தராவிட்டால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயமானது.

சரி, ரசித்தவர்கள் எதை ரசித்தார்கள்? ஹூலியோவின் மகளாக வருபவர் ஆனா டோரன்ட். 1973-இல் எரிசேயின் முதல் முழுநீளப் படத்தில் சின்னஞ்சிறு பெண்ணாக நடித்தவர். அந்தப் படத்திலும் அவர் பெயர் ஆனா, இதிலும் ஆனா. 50 வருஷம் கழித்து அந்த முகம் திரையில் வந்ததும், தெரிந்தவனுக்குத் தொண்டை அடைக்கும். தெரியாதவனுக்கு அவர் யாரோ ஒரு அம்மா. தெரியாமல் இருப்பது குற்றமா நண்பர்களே?

எனக்கும் அது அன்று தெரியாது. ஆனாலும் நான் கடைசிவரை இருந்தேன். காரணம் என் அப்பா.

அப்பா எங்கள் ஊர் தியேட்டரில் ஆபரேட்டர். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆயிரம் அடி ரீல் ஓட 11 நிமிஷம் என்று எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். டிஜிட்டல் வந்தது, ரீல் போனது, எங்கள் ஊர் தியேட்டரும் மூடியது. இன்று அப்பா வாட்ச்மேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். திரையில் அந்தக் கிழட்டு புரொஜக்டரில் ஃபிலிமை மாட்டியபோது பாதி ஹால் கொட்டாவி விட்டது. நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரியே போனில் அப்பாவிடம் கதையைச் சொன்னேன். ஞாபகம் வந்ததா என்று அவர் கேட்கவில்லை. “பழைய ஃபிலிம் சுருங்கியிருக்குமேடா, துளை பல்லுல சரியா உட்கார்ந்துச்சா? அறுந்துடலையே?” என்றார். இல்லப்பா, முழுசா ஓடிச்சு என்றேன். “அப்ப சரி” என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பாதியில் எழுந்து போனவர்களை நம் பசங்க கிண்டல் பண்ணுவதையும் சொன்னேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியா இருபது வருஷம் ஜனங்களைப் பார்த்தவன்டா நான். எந்திரிச்சுப் போறவனும் டிக்கெட் வாங்கினவன்தான். அவனுக்கு என்ன கவலையோ, காலையில என்ன வேலையோ. உட்கார்ந்திருக்கிறவன் எல்லாம் படம் பார்க்கிறான்னு உனக்கு யார் சொன்னது? ஃபேன் காத்துக்கு வந்தவனும் இருப்பான்!”

இதைத்தான் என் கட்சிக்காரர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஆம், நான் காவியக் கட்சிதான்! ஆனால் மெஸ்ஸில் ஒரு முதலாண்டுத் தம்பி “எனக்குப் பிடிக்கலைண்ணே” என்று சொன்னதற்கு, “உனக்குப் புரியலை” என்று நாம் வாயடைத்தோமே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. பிடிக்கலை என்பது வேறு, புரியலை என்பது வேறு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து, வகுப்பில் கை தூக்கி “புரியலை சார்” என்று சொல்வதற்கே நம்மில் பலருக்கு ஒரு வருஷம் ஆகிறது. அந்த வார்த்தையை ஒருவரை ஒருவர் அடிக்கும் பிரம்பாக நாமே மாற்றலாமா? பிடிக்கலை என்று சொன்ன அந்தத் தம்பி இனி எந்தப் படத்தைப் பற்றியாவது வாய் திறப்பானா? வகுப்பில்தான் திறப்பானா?

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு அரை மணி நேரம் பேச விடுங்கள். பாதியில் போனவர்களையும் கூப்பிடுங்கள். எந்த இடத்தில் எழுந்தாய், ஏன் எழுந்தாய் என்று முதலில் அவர்களைக் கேட்போம். இருந்தவர்கள் ஏன் இருந்தோம் என்று பிறகு சொல்வோம். அந்த முதலாண்டுத் தம்பிக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைப்பது என் பொறுப்பு.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை