பாரேசி கொத்ததி கொனண்டி

ஐஎல்-2 ஸ்டர்மோவிக் 2001-ல் வந்த விமானச் சண்டை விளையாட்டு. எங்க வீட்டுல இன்னும் அதுதான் ஓடுது. ஹாஸ்டலில் இருக்கும் பையன் சித்தூர் வந்தால் நாங்க ரெண்டு பேரும் மனசுவிட்டுப் பேசுவதே அதை ஆடும்போதுதான். அவன் லீவுக்கு வர பத்து நாள் இருக்கையில் ஜாய்ஸ்டிக் மக்கர் பண்ணியது. தொடாமலே விமானம் இடது பக்கம் துள்ளும். கடைக்காரர், "பாரேசி கொத்ததி கொனண்டி சார்" என்றார். தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணுமாம்!

விண்டோஸில் ஜாய்.சிபிஎல் திறந்து பார்த்தேன். கையை எடுத்தபிறகும் குறி நடுங்கியது. ஆக, கோளாறு விளையாட்டில் இல்லை, குச்சியில்தான்.

உள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் வால்யூம் திருகினால் கரகரக்குமே, அதே சாமான்தான். கார்பன் தடத்தில் தூசி சேர்ந்தாலோ, தேய்ந்தாலோ அளவு தாவும். காண்டாக்ட் க்ளீனர் அடித்து இருபது முறை இங்கும் அங்கும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். பிசுக்கில் தூசி ஒட்டும்.

என்னுடையது இரண்டு நாள்தான் தாங்கியது. தடமே தேய்ந்திருந்தது. திருப்பதியில் அதே அளவில் புதுசு கிடைத்தது, விலை முப்பது ரூபாய். வாங்கும்போது ‘பி’ எழுத்து இருக்கிறதா பாருங்க. வால்யூமுக்கான ‘ஏ’ வகை சீராக ஏறாது, குறி தப்பும்.

உரசலே வேண்டாம் என்றால் காந்தத்தில் இயங்கும் ஹால் சென்சார் குச்சிகள் இருக்கின்றன, த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் மாதிரி. அடுத்து அதுதான் என்கிறான் பையன். பார்க்கலாம், முப்பது ரூபாய் எவ்வளவு நாள் உழைக்கிறது என்று!