அளந்த தண்ணீர்

மோட்டார் வண்டியையே வீடாக்கி, மலையடியிலும் ஆற்றோரத்திலும் நிறுத்திக் குடியிருக்கும் வழக்கம் அமெரிக்க நாட்டில் உண்டெனக் கேட்டிருந்தோம். அத்தகைய வீடொன்றில் நாமும் நான்கு இரவுகள் துயில்வோம் என்று கனவிலும் எண்ணியதில்லை.

சென்ற ஆண்டு புரட்டாதி மாதத்தில் அது நிகழ்ந்தது. கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் தொழில் புரியும் எமது ஒரே மகன், எம்மையும் எமது மனைவியாரையும் தன்னிடம் அழைப்பித்திருந்தான். அவன் ஊருக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஏழு வயதுப் பேரனோ எமது வீட்டு முற்றத்தை மிதித்தவனே அல்லன். "அப்பா, இனி அங்கை தனிய இருந்து என்ன செய்யப் போறியள்? இங்கையே இருந்திடுங்கோ" என்பது மகனின் வேண்டுகோள். மனைவியார் அரைமனதாக இசைந்திருந்தார். முடிவு சொல்வதற்கு முன் மலைநாட்டைப் பார்த்து வருவோமென்று அவன் அந்த வீட்டு வண்டியை வாடகைக்கு அமர்த்தினான்.

இருபத்தைந்து அடி நீளமுள்ள அவ்வண்டியினுள் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை யாவும் இருந்தன. உண்ணும் மேசையைத் தாழ்த்தினால் அதுவே கட்டில். சாரதியின் தலைக்கு மேலிருந்த பரண் பேரனுக்கு அரண்மனையாயிற்று.

நாம் சென்ற ஊர் எஸ்டிஸ் பார்க். றொக்கி மலைத்தொடரின் மடியில், கடல் மட்டத்திலிருந்து 7,522 அடி உயரத்தில் அமைந்த சிறு பட்டினம். எமது நுவரெலியாவினும் ஆயிரம் அடிக்கு மேல் உயர்ந்தது. 1909ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்டான்லி ஹோட்டல் மேட்டின்மீது வெண்ணிறமாய் நிற்கிறது. தெற்கே 14,259 அடி உயரமான லோங்ஸ் சிகரம் தலைநிமிர்ந்து தோன்றுகிறது. 1915இல் அமைக்கப்பட்ட றொக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு இவ்வூரே கிழக்கு வாயில். எல்க் எனப்படும் பெருமான்கள் கடைத்தெருவிலும் அச்சமின்றி உலவுகின்றன. வேட்டையினால் ஒருகால் இங்கே அற்றுப்போன அவ்வினத்தை, 1913ஆம் 1914ஆம் ஆண்டுகளில் யெலோஸ்டோனிலிருந்து கொணர்ந்து மீண்டும் பெருக்கினார்களாம். இலையுதிர் காலத்து மாலைகளில் ஆண் மான்கள் சீழ்க்கை போல் எழுப்பும் குரல் மலையெங்கும் எதிரொலித்தது.

வண்டியை நாம் நிறுத்திய இடத்தில் நீர்க்குழாய் இணைப்பு இல்லை. வண்டியின் தாங்கியிலிருந்த 40 கலன் நீரே ஐவருக்கும் போதவேண்டும். இதனை மகன் முன்னரே சொல்லியிருந்தான். ஆயினும் அறுபது ஆண்டுகள் கிணற்றடியில் வாழ்ந்த கைக்கு அளவு எங்ஙனம் தெரியும்? மனைவியார் வழக்கம் போல் முழுகினார். சட்டி பானைகளை ஒன்றுக்கு மூன்று முறை அலசினார். இரண்டாம் நாள் மாலை, பேரன் சவர்க்காரம் பூசி நிற்கையில் குழாய் வறண்டது.

"அம்மா, இது கிணறில்லை! எத்தினை தரம் சொல்லுறது?" என்று மகன் உரத்த குரலில் கூறிவிட்டான்.

மனைவியார் மறுமொழி கூறவில்லை. இரவு உணவும் கொள்ளவில்லை. மகன் இருளில் வண்டியைச் செலுத்திச் சென்று நீர் நிரப்பி வந்தான். சிறிய வீட்டில் மனத்தாங்கல் ஒதுங்குவதற்கு அறையேது? ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்க, யாவரும் துயில்வது போல் கிடந்தோம். நள்ளிரவில் மனைவியார் எம் செவியில், "நாங்கள் ஊருக்குப் போவம்" என்றார்.

மறுநாட் காலை எஸ்டிஸ் ஏரிக்கரையில் நடந்தோம். சிகரங்களின் நிழல் நீரில் அசைந்தது. அஃது இயற்கை ஏரியன்று. 1949இல் கட்டி முடித்த ஒலிம்பஸ் அணையால் உண்டானது. மலையின் மேற்குப் புறத்தே பனியும் மழையும் மிகுதி. கிழக்கே விளைநிலமும் மக்களும் மிகுதி. ஆதலின், நீர் பிரியும் அம்மலைமுகட்டின் அடியில் பதின்மூன்று மைல் நீளமான சுரங்கத்தைக் குடைந்து, மேற்குநீரைக் கிழக்கே கொணர்ந்திருக்கின்றனர். 1982ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், மேலேயிருந்த லோன் ஏரியின் பழைய மண்ணணை உடைந்து மூவர் மாண்டனர். கடைத்தெரு வெள்ளத்தில் மூழ்கிற்று. அவ்வெள்ளத்தை மேற்கொண்டு செல்லவிடாது தாங்கியது இவ்வொலிம்பஸ் அணையே.

மகன் இவற்றையெல்லாம் எம்மை நோக்கியே கூறினான். தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால், கேள்வி கேட்டவர் தாயார்தாம்.

"அவ்வளவு நீளத்தை எந்தப் பக்கத்தாலை வெட்டினவை?"

"இரண்டு பக்கத்தாலும், அம்மா. 1944இலை நடுவிலை சந்திச்சவை."

சிறிது தூரம் எவரும் பேசவில்லை. பின்பு அவன், "நேற்று நான் கத்தினது பிழை, அம்மா" என்றான்.

"எனக்கும் அளவு தெரியேல்லை, தம்பி" என்றார் மனைவியார். சற்றுப் பொறுத்து, "நாங்கள் இங்கை இருக்கேல்லை, ஆனால் வந்து வந்து போறம். நீயும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கை வரவேணும். ஒரு பக்கத்தாலை மட்டும் வெட்டினால் காணாது" என்றார்.

மகன் தலைகுனிந்து ஏரியைப் பார்த்தான். எமது மருமகள் மெல்ல வந்து மாமியாரின் கையைப் பற்றிக்கொண்டாள். மீதமிருந்த இரண்டு நாளும் மனைவியார் ஒரு கோப்பை நீரில் பாத்திரம் கழுவக் கற்றுக்கொண்டார், கற்பித்தவன் பேரன்.

இவ்வாண்டு ஆடி மாதம் அவர்கள் யாழ்ப்பாணம் வந்தனர். பேரன் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உள்ளே பார்த்தான். பின்னர், "அப்பம்மா, இதிலை எத்தினை கலன் இருக்கு? எவ்வளவு பாவிக்கலாம்?" என்று வினவினான்.

நாம் நகைத்தோம். மனைவியார் நகைக்கவில்லை. வற்றாத ஆறில்லாத குடாநாடு எமது. சுண்ணக்கல்லின் இடுக்கில் தங்கும் மழைநீரே எமது செல்வம். அளவு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும் என்பதை நாம் மாணாக்கருக்கு எத்தனை முறை கற்பித்திருப்போம்! வீட்டிலோ இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

மனைவியார் சென்று அதனை நிறுத்தினார். வாளியைக் கிணற்றில் இறக்கி, கயிற்றின் நுனியைப் பேரன் கையில் கொடுத்தார்.

"இதுக்கும் அளவு இருக்கு, ராசா. உனக்கு மூண்டு வாளி; எனக்கும் மூண்டு வாளி."