ஐந்து நிமிடம் பின்னால்

2020 மார்ச் 14, சனிக்கிழமை. அன்று இரவு ஏழரை மணிக்கு நான் கோவாவில், ஃபதோர்தா மைதானத்தில் நீலச் சட்டையோடு நின்றிருக்க வேண்டும். பஸ் டிக்கெட் வரைக்கும் போட்டாச்சு. ஆனால் நான் உட்கார்ந்திருந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிய ஒரு சின்ன ஊருக்கு மேலே, ஒரு பாறையில். அந்த ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான்.

ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டி. சென்னையின் எஃப்.சி.க்கும் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்கும். இரண்டு அணிகளும் அதுவரை ஆளுக்கு இரண்டு முறை கோப்பையை வென்றிருந்தன. யார் ஜெயித்தாலும் மூன்றாவது.

அந்த சீசன் எங்களுக்கு இறுதிப்போட்டி வரைக்கும் போகிற சீசனே இல்லை. ஆரம்பத்தில் கோலே விழவில்லை. ஆறு ஆட்டத்தோடு பயிற்சியாளர் ஜான் கிரிகோரி விலகினார். டிசம்பரில் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காயில் வந்தார். அதற்குப் பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அடிமட்டத்தில் கிடந்த அணி நாலாவது இடத்தைப் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது. பிப்ரவரி 29 அன்று நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 4-1 என்று அடித்தோம். அன்றைக்கு ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் யாரென்றே தெரியாது. நாலாவது கோல் விழுந்தபோது என்னைத் தூக்கிவிட்டார். நான் எழுபத்தெட்டு கிலோ. மார்ச் 7 அன்று அவர்கள் ஊரில் 4-2 என்று தோற்றோம். ஆனாலும் மொத்தக் கணக்கில் 6-5. இறுதிப்போட்டி.

அப்புறம் கொரோனா. போட்டிக்குச் சில நாட்களே இருக்கும்போது, ஆட்டம் நடக்கும், பார்க்க ஆள் கிடையாது என்று அறிவித்தார்கள். அலுவலகத்தில் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு, கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். அது தனி மாவட்டமாகி நாலு மாதம்கூட முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கல்லூரி நண்பன் போன் பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக் குடிபுகு விழா. கோவா போகிறேன் என்று சொல்லி ஏற்கெனவே நழுவியிருந்தேன்.

“இப்ப என்ன சாக்கு சொல்லப் போற மச்சான்?”

சாக்கு எதுவும் இல்லை. கச்சிராயபாளையம், கோமுகி அணை, கொண்டை ஊசி வளைவுகள், வெள்ளிமலை. சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன்.

பாறைக்கு வழி காட்ட அவன் அப்பா டார்ச்சோடு வந்தார். “பூச்சி பொட்டு இருக்கும், நானும் இருக்கேன்” என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மரவள்ளிக் காட்டில் பகலெல்லாம் வேலை பார்த்தவர். பந்தாட்டம் பார்த்துப் பழக்கமில்லை.

“எது நம்ம ஆளுங்க?”

“நீலம் போட்டவங்கப்பா.”

“எல்லாம் நம்ம ஊர்ப் பசங்களா?”

எட்வின் வான்ஸ்பால் என்று ஒரு தமிழ்நாட்டுக்காரர் அணியில் இருக்கிறார் என்றேன். மற்றவர்கள்? வால்ஸ்கிஸ் லிதுவேனியா. கிரிவெல்லாரோவும் எலி சாபியாவும் பிரேசில். கோயன் ருமேனியா. ஷெம்ப்ரி மால்டா. சாங்தே மிசோரம். தாபா டேராடூன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்புறம் எப்பிடிப்பா அது சென்னை?”

என்னிடம் பதில் இல்லை. நானே சென்னைக்காரன் இல்லையே. பேரைப் பாருங்கள், ‘சென்னையின்’. வேற்றுமை உருபோடு பாதியில் நிற்கிற சொல். சென்னையின் என்ன? வழக்கமாக அந்தக் கேள்விக்கு ஸ்டாண்டில் இருக்கிற நாங்கள் கத்திப் பதில் சொல்வோம். அன்று ஸ்டாண்ட் காலி. போனில் பந்து உதைபடும் சத்தம் ‘தொப்’ என்று தனியாகக் கேட்டது. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதுகூடக் கேட்டது. பயிற்சி ஆட்டம் மாதிரி.

பத்தாவது நிமிடத்தில் ஹாவி ஹெர்னாண்டஸ் ஏ.டி.கே.வுக்கு முதல் கோலை அடித்தார். இடைவேளை முடிந்து மூன்றே நிமிடத்தில் எடு கார்சியா. 2-0. நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும், படம் நிற்கும், மறுபடி ஓடும்.

இந்த இடத்தில் என் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். நேரலை என்று நாம் போனில் பார்ப்பது நேரலை இல்லை. வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புவார்கள். போன் முதலில் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டவே ஆரம்பிக்கும். நல்ல இணைப்பிலேயே அரை நிமிடம் பிந்தும். சிக்னல் விட்டு விட்டு வந்தால், நின்ற இடத்திலிருந்தே மறுபடி ஓடும். ஒவ்வொரு நிற்றலும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் நான் கோவாவை விட ஏறக்குறைய ஐந்து நிமிடம் பின்னால் இருந்தேன். அது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன். காரணம், 69ஆவது நிமிடத்தில் வால்ஸ்கிஸ் கோல் அடித்திருந்தார். அந்தத் தொடரில் அவருடைய 15ஆவது கோல். 2-1.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னும் ஒண்ணு போட்டா?”

“சமம்பா. அப்புறம் எக்ஸ்ட்ரா டைம்.”

“போட்டுருவாங்க.”

அந்த இருபது நிமிடம் அவர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். பந்து நம்மிடம் இருந்தால் முன்னால் சாய்வார், போனால் நாக்கைச் சப்புக் கொட்டுவார். திரையில் 88ஆவது நிமிடம். மேலே ஒரு வாட்ஸப் செய்தி எட்டிப் பார்த்தது. கோவாவுக்கு என்னோடு வருவதாக இருந்த நண்பன். வீடியோவுக்கு வழிவிடாத சிக்னல் மூன்று சொல்லுக்கு வழிவிட்டிருந்தது.

“3-1. முடிஞ்சது மச்சி.”

பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பந்தை.

“டைம் இருக்குல்ல?” என்றார்.

போனை அணைத்திருக்கலாம். குளிர் வேறு. ஆனால் ஸ்டாண்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எத்தனை கோல் வாங்கினாலும் விசில் அடிக்கும்வரை நகரக் கூடாது.

“இருக்குப்பா” என்றேன்.

ஆறு வருடமாக இந்த அணியைப் பார்க்கிறேன். ஜெயிக்க வேண்டும் என்ற வேண்டுதல் இல்லாமல் பார்த்தது அந்த ஐந்து நிமிடம்தான். எந்த ஓட்டத்துக்கும் பலன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஓடுகிறவர்களுக்குத் தெரியாது. தாபா பந்தைத் துரத்தினார். சாங்தே ஓரத்தில் இடம் தேடினார். யாரும் பார்க்காத மைதானத்தில், ஏற்கெனவே தோற்றுவிட்ட ஆட்டத்தில், அவ்வளவு வேகம். தொண்டை அடைத்தது. பக்கத்தில் ஒரு மனிதர் அவர்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லாத வரைக்கும் அவருக்கு ஆட்டம் 2-1தான்.

அப்புறம் காயம் ஈடுசெய்யும் நேரத்தின் மூன்றாவது நிமிடம். மறுபடி ஹாவி ஹெர்னாண்டஸ்.

“அடடா” என்றார் பெரியவர். கொஞ்சம் கழித்து, “நல்லாத்தான் ஆடுனாங்க.”

டார்ச் வெளிச்சத்தில் இறங்கினோம். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தேன். சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. தோற்றதற்காகவா, அவரை ஏமாற்றியதற்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காலையில் விழாவில் இலை போட்டபோது அவரே இன்னொருத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “ராத்திரி நம்மாளுங்க தோத்துட்டாங்கப்பா.”

பத்து நாளில் ஊரடங்கு வந்தது. காயில் அடுத்த சீசனே ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். எங்களை வென்ற ஏ.டி.கே. மோகன் பகானோடு இணைந்தது, அந்தப் பெயரில் தனியாக அதற்குப் பிறகு ஆடவில்லை. இரண்டு சீசன் கோவாவிலேயே, ஏறக்குறைய முழுக்க ஆள் இல்லாமல் நடந்தது. நேரு ஸ்டேடியத்தில் நாங்கள் மறுபடி நின்றது 2022 அக்டோபரில். என்னைத் தூக்கிய அந்த ஆளைத் தேடினேன். காணவில்லை.

அன்று இரவு நண்பனுக்குப் போன் பண்ணினேன். அவன் அப்பாவிடம் கொடுத்தான்.

“என்னப்பா, நம்ம நீலச் சட்டைங்க எப்பிடி ஆடுறாங்க?”

டிரா என்றேன்.

“பரவால்ல, டைம் இருக்கு” என்றார்.