எலி வாங்கப் போன கதை

வயல்ல எலி பிடிக்க எனக்குத் தெரியும். தஞ்சாவூர்க் கிட்டியை வரப்போரம் நட்டு வச்சா, விடியறதுக்குள்ள நாலஞ்சாவது மாட்டும். ஆனா எலியைக் காசு கொடுத்து வாங்கப் போனது இந்த வருஷந்தான். கம்ப்யூட்டருக்கு வைக்கிற எலியைத்தான் சொல்றேன். மவுஸ்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலையா இருக்கலாம். எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. முதல்ல ஒண்ணு தப்பா வாங்கி, அப்புறம்தான் சரியா வாங்கினோம். அதனால விவரமாவே எழுதுறேன், யாருக்காவது உதவும்.

என் மகனுக்குப் பதினெட்டு வயசு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாட்டுக்குப் புல் நறுக்குற மிஷின்ல அவனோட வலது கை மாட்டிக்கிச்சு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ரெண்டாவது கணுவோட போச்சு. அன்னிக்கு மழை வர மாதிரி இருந்துச்சு, "சீக்கிரம் தள்ளுடா"ன்னு சொன்னது நான்தான். அதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்கு வரல.

அதுக்கப்புறம் பய கிரிக்கெட்டுக்குப் போறதை விட்டுட்டான். கண்மாய்க்கரையில பசங்க கூப்பிட்டா, "வேலை இருக்குடா"ம்பான். வீட்ல அவன் அக்கா பிளஸ் டூ படிக்கையில அரசாங்கம் கொடுத்த லேப்டாப் கிடந்துச்சு. 2011-ல ஆரம்பிச்ச திட்டம், உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அதைத் தூசி தட்டி எடுத்து கேம் விளையாட ஆரம்பிச்சான். வைஸ் சிட்டி, கவுன்டர் ஸ்டிரைக், அப்புறம் ஒரு ஃபுட்பால் கேம். எல்லாம் பழசு, அந்த லேப்டாப் தாங்குறது அவ்வளவுதான். கூட்டாளிகளும் அவங்கவங்க லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து, ஒரே போன் ஹாட்ஸ்பாட்ல சேர்ந்து விளையாடுவாங்க. ஆனா இவன் விரலால தடவுற அந்த டச்பேடை வச்சுத் துப்பாக்கி சுடணும். அவங்க கையில மவுஸ். தினம் இவனே தோப்பான். தோத்துட்டுச் சிரிப்பான், அந்தச் சிரிப்பை என்னால பார்க்க முடியல.

சரின்னு ஆன்லைன்ல நானே ஒண்ணு பார்த்து ஆர்டர் போட்டேன். ஏழு கலர்ல லைட் எரியுது, "7200 டிபிஐ"ன்னு போட்டிருக்கு, விலை 399. நம்பர் பெருசா இருந்தா நல்லதுதானேன்னு நினைச்சேன். வந்ததும்தான் தெரிஞ்சுது, அது வலது கைக்குன்னே வளைச்சுச் செஞ்சது. கட்டைவிரல் பள்ளம் ஒரு பக்கம், சரிவு இன்னொரு பக்கம். இடது கையில பிடிச்சா இடது கால் செருப்பை வலது கால்ல போட்ட மாதிரி இருக்கு. பய ஒண்ணும் சொல்லல. "பரவாயில்லப்பா"ன்னு எடுத்து உள்ள வச்சுட்டான்.

அப்புறம் ஒரு நாள் கடலை போட்ட காசு கையில இருக்கவும், கீரனூர் போய்ப் பஸ் பிடிச்சு அவனையும் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனேன். மெயின்கார்டு கேட் பக்கத்துல ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை. கடைக்காரத் தம்பி மவுஸை எடுத்து நீட்டினதும், இவன் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டான். அந்தத் தம்பி ஒரு நொடிதான் பார்த்துச்சு. ஒண்ணும் கேட்கல. வேற ஒரு மவுஸை எடுத்து இடது பக்கம் வச்சு, கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ் போய் பொத்தானை இடம் வலமா மாத்தி, "பிடிச்சுப் பாருங்க ப்ரோ"ன்னுச்சு. அந்தத் தம்பி நல்லா இருக்கணும்.

அங்க ரெண்டு மணி நேரம் நின்னு நான் தெரிஞ்சுக்கிட்டது இது.

மவுஸுல முதல்ல பார்க்க வேண்டியது வடிவம். மண்வெட்டிக்குக் காம்பு போடுறப்ப நம்ம கையைத்தானே அளவா வைப்போம்? அதே கதைதான். உள்ளங்கையை முழுசாப் படுத்திப் பிடிக்கிறவனுக்கு முதுகு உயரமா வேணும். விரல் நுனியில பிடிக்கிறவனுக்குச் சின்னதா, லேசா வேணும். இடது கைக்காரனுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதுதான் சரி. அதுலயும் ஒரு சங்கதி: லாஜிடெக் ஜி102 மாதிரி சில மவுஸ்ல வடிவம் சமமா இருந்தாலும், பக்கவாட்டுப் பொத்தான் இடது பக்கம் மட்டும்தான். இடது கையில பிடிச்சா அது மோதிர விரல், சுண்டுவிரல் பக்கம் வரும்.

அடுத்தது இந்த டிபிஐ. மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினா அம்புக்குறி எத்தனை புள்ளி நகரும்ங்கிற கணக்கு அது. எங்க லேப்டாப் திரையோட அகலமே 1366 புள்ளிதான். 1600 வச்சாலே ஒரு அங்குலத்துக்குள்ள திரையைத் தாண்டிடும். 7200 வச்சா கால் அங்குலம்கூட நகர்த்த முடியாது, அம்புக்குறி ஓடிப்போயிடும். பசங்க நிறையப் பேர் வைக்கிறது 800-ல இருந்து 1600-க்குள்ளதான். பெரிய நம்பருக்குக் காசு கொடுக்காதீங்க.

அதே மாதிரிதான் போலிங் ரேட்டும். சாதா மவுஸ் செகண்டுக்கு 125 தடவை கம்ப்யூட்டர்கிட்ட சேதி சொல்லும், கேமிங் மவுஸ் 1000 தடவை சொல்லும். புது மிஷினுக்கு அது சரி. எங்க பழைய லேப்டாப் செகண்டுக்கு 60 படம் காட்டினாலே பெரிய விஷயம், அதுக்கு 125 போதும்.

கம்மி விலைன்னா வயர் வச்சதே வாங்குங்க. பேட்டரி செலவு இல்ல. வயர் மவுஸுக்குள்ள நுழையற இடத்துல ரப்பர் கெட்டியா இருக்கான்னு பாருங்க, முதல்ல அறுந்து போறது அங்கதான். பொத்தானை இருபது தடவை அழுத்துங்க. ஒரு தடவை அழுத்தி ரெண்டு க்ளிக் விழுந்தா வேண்டாம். கோரைப் பாய் மேல ஓட்டினா அம்புக்குறி குதிக்கும், நூறு ரூபாய்க்குத் துணி வச்ச பேடு ஒண்ணு வாங்கிக்கங்க.

பஸ்ல வர்றப்ப பய ஒரு சேதி சொன்னான். உலகத்துல முதல் மவுஸை 1964-ல அமெரிக்காவுல எங்கெல்பர்ட்ங்கிறவர் குழு செஞ்சப்ப, அது மரக்கட்டையில, அடியில ரெண்டு சக்கரம் வச்சுச் செஞ்சதாம். நம்ம ஊர் ஆசாரிகிட்டச் சொல்லியிருந்தா இவன் கைக்கே அளவெடுத்துச் செதுக்கிக் கொடுத்திருப்பாரேன்னு நினைச்சுக்கிட்டேன்.

அடுத்தது ஜாய்ஸ்டிக். ஏரோபிளேன்ல இருக்கிற மாதிரி ஒத்தைத் தடியா நிக்கிறதுதான் நிஜ ஜாய்ஸ்டிக். அது பறக்குற கேமுக்கு, விலையும் ஆயிரக்கணக்குல. ரெண்டு கையாலயும் பிடிக்கிறதுக்குப் பேரு கேம்பேடு. நாம ரெண்டையும் ஜாய்ஸ்டிக்னுதான் சொல்றோம். ஃபுட்பாலுக்கும் வண்டி ஓட்டுறதுக்கும் இதுதான் வேணும்.

இதுல முக்கியம் கட்டைவிரலால உருட்டுற குச்சி. மலிவானதுல அதுக்குள்ள இருக்கிறது பழைய ரேடியோ வால்யூம் திருகுல இருக்கிற அதே சாமான். தேய்ஞ்சா ரேடியோ கரகரன்னும், இது நாம தொடாமலே ஆளை ஒரு பக்கமா நடக்க விடும். டிரிஃப்ட்ங்கிறாங்க. ஹால் எஃபெக்ட்னு போட்டிருந்தா காந்தத்துல வேலை செய்யறது, உரசல் இல்ல, அதனால அப்படித் தேயாது. ஆனா விலை கூட. கடையிலேயே பார்க்க ஒரு வழி இருக்கு. விண்டோஸ்ல ரன் திறந்து ஜாய்.சிபிஎல்னு அடிச்சா ஒரு கட்டமும் கூட்டல் குறியும் வரும். குச்சியை விட்டதும் குறி நடுவுல வந்து நிக்கணும். டப்பாவுல எக்ஸ்-இன்புட்னு இருக்கான்னும் பாருங்க, இல்லேன்னா புது கேம் நிறைய அதை அடையாளமே கண்டுக்காது.

கேம்பேடைக் கையில வாங்கினதும் பய முகமே மாறிடுச்சு. ஏன்னா அதுல வேலை பூரா கட்டைவிரலுக்கு. அவனுக்கு ரெண்டு கட்டைவிரலும் முழுசா இருக்கு. மேல வலது பக்கம் ஆள்காட்டி விரலால அழுத்துற பொத்தான்தான் எட்டல. ஃபுட்பால்ல வேகமா ஓடுறதுக்கு அதுதான். கேமுக்குள்ள செட்டிங்ஸ் போய் அதை இடது பக்கம் மாத்தினான். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. மவுஸ் இடது கைக்குப் போனதால, நடக்குற சாவிகளையும் வலது ஓரத்து அம்பு சாவிக்கு மாத்திக்கிட்டான். மாத்துற வசதி இருக்கான்னு பார்க்காம கேம் வாங்காதீங்க. இவனை மாதிரி ஆளுங்களுக்குன்னே மைக்ரோசாஃப்ட் 2018-ல பெரிய பொத்தான் வச்ச ஒரு கன்ட்ரோலர் கொண்டு வந்துச்சு. விலை நமக்கு எட்டாது, ஆனா செய்யணும்னு ஒருத்தருக்குத் தோணியிருக்கே.

மவுஸ் 550, பேடு 100, கேம்பேடு 850. மொத்தம் 1500. ஒரு மூட்டை டிஏபி 1350 ரூபா. "ஒரு மூட்டை உரத்தைக் கொண்டு போய் விளையாட்டுல கொட்டிட்டு வந்திருக்கீங்க"ன்னு வீட்ல சொன்னாங்க. சொல்லட்டும்.

போன வாரம் ராத்திரி மும்முனை கரன்ட் வந்ததும் மோட்டார் போட்டுட்டுத் திரும்பி வர்றேன், திண்ணையில ஒரே சத்தம். "டேய், இடது கையால இந்தப் போடு போடுறியேடா!"ன்னு ஒரு பய கத்துறான். இவன் பதிலுக்கு, "வலது கை இருந்தா நீ இன்னும் முன்னாடியே செத்திருப்ப"ங்கிறான். அத்தனை பேரும் சிரிக்கிறாங்க. அவன் வாயால கையைப் பத்திப் பேசினதை அன்னிக்குத்தான் கேட்டேன். நான் உள்ள போகாம, கொஞ்ச நேரம் கொட்டகைப் பக்கமே நின்னேன்.

அங்கதான் அந்தப் புல் நறுக்குற மிஷின் நிக்குது. புல் தள்ளுற வாய்க்கு நீளமா ஒரு தகர மூடி அடிச்சு வச்சிருக்கேன், கை உள்ள போகாது. பட்டறையில அதுக்கு வாங்கினது நானூறு ரூபா. உங்க சொந்தக்காரங்க யாராவது ஊர்ல மாடு வச்சிருந்தா, மவுஸ் சமாசாரத்தை விட்டாலும் இதை மட்டும் போன் போட்டுச் சொல்லிடுங்க.